கன்ட்ரோலர் இரண்டு முறை செத்த மின்சைக்கிள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாலை தன் மின்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"ஏத்தத்துல கெளம்பறப்ப டக்குனு ஒரு வெட்டு வெட்டுச்சு தம்பி. அப்புறம் ஓடவே இல்ல. ஆனா டிஸ்ப்ளே எரியுது, பேட்டரி நாலு கட்டம் காட்டுது. முன்னால தள்ளினா லேசா வருது. பின்னால இழுத்தா பிரேக் பிடிச்ச மாதிரி முரண்டு பண்ணுது."

பழுது பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல விவரம் கிடைக்காது. பாதிக் கண்டுபிடிப்பை அவரே செய்துவிட்டார். மீதிப் பாதி அடுத்த வாக்கியத்தில் இருந்தது: "போன தடவையும் இப்படித்தான். ஒன்றரை வருஷம் முன்னாடி கன்ட்ரோலர் போச்சுன்னு புதுசு போட்டாங்க."

கன்ட்ரோலர் என்பது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு முறைப்படுத்திக் கொடுக்கும் பெட்டி. ஒரு கன்ட்ரோலர் போனால் அதற்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம். அதே வண்டியில், அதே ஏற்றத்தில், ஒன்றரை வருடத்தில் இரண்டாவதும் போனால் அப்படி விட முடியாது. வேறு ஏதோ ஒன்று அதைச் சாகடிக்கிறது. அது கிடைக்கும்வரை புதியதை மாட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். இந்த வேலை மூன்று மாலை இழுத்ததற்கு அந்த முடிவுதான் காரணம். இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வண்டி

ஒன்பது வயது வண்டி. பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்; உள்ளே நைலான் கியர் உள்ள வகை. பேட்டரி 36 வோல்ட் லித்தியம், பத்து செல் வரிசை. முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், 31 வோல்ட் அருகே வந்தால் கன்ட்ரோலர் தானாக நிறுத்திக்கொள்ளும். இடையில் ஒருமுறை பேட்டரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கன்ட்ரோலர் சீட்டுக் குழாய்க்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய வண்டி என்பதால் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று தடித்த ஒயர்களுக்கும் (இவைதான் ஃபேஸ்கள்) தனித்தனிப் புல்லட் கனெக்டர்; மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஹால் சென்சாரின் மெல்லிய ஒயர்களுக்கு ஒரு வெள்ளை பிளக். இப்போது வரும் வண்டிகளில் எல்லா ஒயர்களையும் ஒரே உருண்டைக் கனெக்டரில் அடக்கிவிடுகிறார்கள். மழைக்கு அது நல்லது. சோதித்துப் பார்க்கப் பழையதுதான் வசதி, ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

கையால் பார்த்தது

மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்ற வேண்டும். கியர் உள்ள ஹப் மோட்டாரில் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் முன்பக்கம் சுற்றினால் சக்கரம் மட்டும் சுற்றும்; மோட்டார் உள்ளே சும்மா இருக்கும். பின்பக்கம் சுற்றினால்தான் மோட்டாரும் சேர்ந்து சுழலும். இது தெரியாமல் முன்பக்கமாகவே சுற்றிப் பார்த்து "மோட்டார் ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பின்பக்கம் சுற்றினேன். நல்ல வண்டியிலும் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், கியரையும் காந்தங்களையும் சேர்த்து நாம்தானே சுழற்றுகிறோம். இது அந்தக் கனம் இல்லை. விட்டு விட்டுப் பிடித்தது, வேகமாகச் சுற்றச் சுற்ற இன்னும் இறுகியது. ஹப் மோட்டாரைக் கையால் சுற்றினால் அது டைனமோ ஆகிவிடும். அதன் ஒயர்கள் எங்கோ ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அந்த மின்சாரம் உள்ளேயே சுற்றி, சுழற்சியை எதிர்க்கும். இப்போது தெரிய வேண்டியது, அந்த இணைப்பு மோட்டார் பக்கமா, கன்ட்ரோலர் பக்கமா என்பது.

மஞ்சள், பச்சை, நீலம் மூன்று புல்லட்டுகளையும் கழற்றினேன். நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக டேப் சுற்றி மறுபடி சுற்றிப் பார்த்தேன். பிடிப்பு போய்விட்டது. அப்படியானால் ஷார்ட் கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

மீட்டரால் பார்த்தது

கன்ட்ரோலருக்குள் பெரிய கெபாசிட்டர் ஒன்று உண்டு. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினால் பெரும்பாலும் வடிந்துவிடும். நான் அதோடு நிறுத்தாமல் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பேட்டரி ஒயர்களின் குறுக்கே கொஞ்ச நேரம் பிடிப்பேன். மின்னழுத்தம் சுழிக்கு வந்ததை மீட்டரில் பார்த்த பிறகுதான் அடுத்த அளவை எடுப்பேன்.

இந்த அளவுள்ள கன்ட்ரோலரில் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளாக ஆறு மாஸ்ஃபெட்கள் இருக்கும், ஒரு ஃபேஸுக்கு இரண்டு வீதம். மேலே ஒன்று, அது பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஃபேஸுக்கு. கீழே ஒன்று, ஃபேஸிலிருந்து மைனஸுக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு ஒன்று அமைந்திருப்பதால் பெட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து சோதிக்க முடியும். மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி மைனஸ் ஒயரிலும் கறுப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸிலும் வைத்தால் கீழ் மூன்றும் தெரியும். கறுப்பு முனையை பிளஸ்ஸிலும் சிவப்பை ஃபேஸ்களிலும் வைத்தால் மேல் மூன்றும் தெரியும். நல்ல மாஸ்ஃபெட் 0.4 முதல் 0.6 வோல்ட் வரை காட்டும். சரியான எண் எது என்பதைவிட மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்பதே முக்கியம்.

மேல் மூன்றும் 0.48, 0.49, 0.48. கீழே மஞ்சள் 0.47, நீலம் 0.48. பச்சையில் மீட்டர் நீளமாகக் கத்தியது: 0.00.

பச்சை ஃபேஸின் கீழ் மாஸ்ஃபெட் ஷார்ட். சக்கரம் விட்டு விட்டுப் பிடித்ததற்கும் இதே விளக்கம். ஒரே ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் மற்ற இரு ஃபேஸ்களின் டையோடுகள் வழியாக ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் பாயும், அதனால் பிடிப்பும் அலை அலையாக வரும். டிஸ்ப்ளே ஏன் எரிந்தது என்பதும் புரிந்தது. அதே ஃபேஸின் மேல் மாஸ்ஃபெட்டும் போயிருந்தால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகி, பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் துண்டித்திருக்கும்.

வழக்கமாக இந்த இடத்தில் "கன்ட்ரோலர் காலி" என்று எழுதிவிட்டுப் புதியதை வாங்கப் போவார்கள். முதல் முறை மாற்றியவர்களும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஓர் அளவு பாக்கி இருந்தது.

ஹால் சென்சார், கைப்பிடியில் திருகும் த்ராட்டில், பெடல் சென்சார் எல்லாவற்றுக்கும் கன்ட்ரோலர் ஒரே 5 வோல்ட் இணைப்பிலிருந்துதான் மின்சாரம் கொடுக்கிறது. டிஸ்ப்ளே அப்படி அல்ல, அதற்கு பேட்டரி மின்னழுத்தமே நேராகப் போகிறது. டிஸ்ப்ளே எரிவதை வைத்து 5 வோல்ட் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. நல்ல கன்ட்ரோலரில் ஹால் பிளக்கின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.3 முதல் 5 வோல்ட் வரை வர வேண்டும்.

ஷார்ட் இருப்பது தெரிந்த கன்ட்ரோலரை நேராக பேட்டரியில் மாட்டக் கூடாது. 24 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டை வரிசையாக இணைத்து, பேட்டரி பிளஸ் ஒயரின் நடுவே வைத்தேன். உள்ளே முழு ஷார்ட் இருந்தால்கூட ஒரு ஆம்பியருக்கு மேல் போகாது, பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும். ஃபேஸ்கள் கழன்றே இருக்க, ஆன் செய்தேன். பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தது. ஹால் பிளக்கில் 0.6 வோல்ட்தான் வந்தது.

வெளியில் ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட் ஆகி 5 வோல்ட்டைக் கீழே இழுக்கலாம். அதனால் த்ராட்டில், பெடல் சென்சார், பிரேக் ஒயர், மோட்டாரின் ஹால் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 0.6 தான். 5 வோல்ட் பகுதியும் உள்ளுக்குள்ளேயே போய்விட்டது.

ஒரே நொடியில், ஒரே பெட்டிக்குள், இரண்டு வேறு இடங்களில் சேதம். பச்சை ஃபேஸ் இருப்பது 36 வோல்ட் பக்கம். 5 வோல்ட் இருப்பது சென்சார் பக்கம். சும்மா ஒரு மாஸ்ஃபெட் சூடாகிப் போயிருந்தால் 5 வோல்ட் பகுதி பிழைத்திருக்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற அளவு நெருங்கி வரும் இடம் வண்டியில் எது? மூன்று ஃபேஸ் ஒயர்களும் ஐந்து ஹால் ஒயர்களும் ஒரே கேபிளில் நெருக்கி அடைத்துக்கொண்டு, சக்கரத்தின் அச்சான ஆக்ஸிலின் ஓட்டை வழியாக மோட்டாருக்குள் நுழைகின்றன. அந்த இரண்டு அங்குலத்தைப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

பேட்டரியையும் விட்டுவிடவில்லை. ஓய்வில் 39.4 வோல்ட். சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. 70 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டைச் சுமையாக ஏற்றிப் பார்த்தேன், 39.1க்கு இறங்கி அங்கேயே நின்றது. பேட்டரி நன்றாக இருக்கிறது.

மோட்டார் கேபிள்

மூன்று ஃபேஸ்களுக்கும் இடையே ஓம் அளந்து மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவை உள்ளே சுருள்களால் இணைந்தவை. நல்ல மோட்டாரிலும் சாதாரண மீட்டர் கிட்டத்தட்ட சுழிதான் காட்டும். அதற்குப் பதில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைப் பின்பக்கம் ஒரே வேகத்தில் சுற்றி, மஞ்சள்-பச்சை, பச்சை-நீலம், நீலம்-மஞ்சள் என்று மூன்று ஜோடிகளையும் பார்த்தேன். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக வந்தன. சுருள்கள் நன்றாக இருக்கின்றன.

அடுத்தது ஹால். மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டை ஹால் பிளக்கின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்குக் கொடுத்தேன். மூன்று ஹாலின் சிக்னல் ஒயர்களுக்கும் ஃபேஸ்களின் அதே மூன்று நிறங்கள்தான். ஒவ்வொரு சிக்னல் ஒயரிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். இந்த ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். ஹால் சென்சாரால் தன் சிக்னல் ஒயரைக் கீழே இழுக்க மட்டும்தான் முடியும், மேலே தூக்க முடியாது. வழக்கமாக அந்த வேலையைக் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் செய்கிறது. அது இல்லாமல் சோதித்தால் நல்ல ஹாலும் செத்ததுபோலத் தெரியும். சக்கரத்தை மெல்லப் பின்னால் நகர்த்த, பச்சையும் நீலமும் சுழிக்கும் 5க்கும் மாறி மாறித் தாவின. மஞ்சள் மட்டும் 5லேயே நின்றது. ஒரு ஹால் போய்விட்டது.

ஆக, சேதம் மூன்று இடங்களில்: மாஸ்ஃபெட், 5 வோல்ட், மஞ்சள் ஹால். மூன்றும் ஒரே தொடுதலில் போயிருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தொடுதல் உடனே கிடைக்கவில்லை. ஃபேஸ் ஒயர் ஒவ்வொன்றுக்கும் ஹால் ஒயர் ஒவ்வொன்றுக்கும் இடையே அளந்தேன். எங்கும் இணைப்பு இல்லை. ஃபேஸுக்கும் ஆக்ஸில் இரும்புக்கும் இடையேயும் இல்லை. கேபிளின் மேலுறை பார்க்க முழுதாக இருந்தது. இரண்டு முறை அளந்தும் ஒன்றும் இல்லாமல், என் ஊகம் தவறோ என்றே நினைக்க ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது: ஏற்றத்தில், கிளம்பும்போது. இரண்டு முறையும் அதே நேரம். நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் கிளம்பும்போதுதான் மோட்டாரின் முறுக்கு விசை உச்சத்தில் இருக்கும். அந்த விசை சக்கரத்தை முன்னால் தள்ளும். ஆக்ஸிலை அதே அளவுக்குப் பின்பக்கம் திருக முயலும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அளந்தால் அந்தத் திருகல் எப்படித் தெரியும்?

பச்சை ஃபேஸிலும் மஞ்சள் ஹாலிலும் மீட்டர் முனைகளைக் கிளிப் போட்டுவிட்டு, ஆக்ஸில் வாயில் கேபிளைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் வளைத்தேன். ஒரு கோணத்தில் மீட்டர் கத்தியது. விட்டால் நின்றது. மறுபடி வளைத்தால் மறுபடி கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஆக்ஸில் ஏன் திரும்பியது

கேபிள் தானாகத் தேயாது. ஆக்ஸில் நட்டுகளைக் கழற்றினேன். ஒரு பக்க நட்டு கையாலேயே திறந்தது. ஹப் மோட்டாரின் ஆக்ஸில் முழு உருண்டை அல்ல; 12 மில்லிமீட்டர் ஆக்ஸிலின் இரு பக்கமும் செதுக்கி, 10 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாக்கியிருப்பார்கள். அந்தத் தட்டைதான் ஃபிரேமின் பிளவில் உட்கார்ந்து ஆக்ஸிலைத் திரும்பவிடாமல் பிடிக்கிறது. துணைக்கு ஒரு வாஷர் உண்டு. நடுவே தட்டையான ஓட்டை, ஓரத்தில் மடித்த ஒரு நாக்கு. அந்த நாக்கு பிளவுக்குள் நுழைந்து உட்கார வேண்டும்.

இந்த வண்டியில் வாஷர் இருந்தது. நாக்கு வெளியே பார்த்திருந்தது.

எப்போது பின்சக்கரத்தைக் கழற்றினார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "மொத கன்ட்ரோலர் போறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி பஞ்சர். அதுக்கப்புறம் கழட்டவே இல்ல" என்றார். பஞ்சர் ஒட்டியவர் சக்கரத்தைத் திருப்பி மாட்டும்போது வாஷரை மாற்றிப் போட்டிருக்கிறார். சாதாரண சைக்கிளில் அதனால் ஒன்றும் ஆகாது. இங்கே அன்றிலிருந்து ஒவ்வொரு கிளம்பலிலும் ஆக்ஸில் மூன்று நான்கு டிகிரி ஆடியிருக்கிறது. பிளவின் விளிம்புகளில் இரும்பு நசுங்கிப் பளபளத்தது. ஆடிய ஒவ்வொரு முறையும் ஆக்ஸில் வாயின் கூரான விளிம்பு கேபிளை உள்ளிருந்து அறுத்திருக்கிறது. முதல் கன்ட்ரோலர் போனபோது கன்ட்ரோலர் மட்டும் மாறியது. நாக்கு அப்படியே இருந்தது.

ஒயர்கள் தொட்ட நொடியில் உள்ளே நடப்பது இது: பேட்டரி அளவு மின்னழுத்தம் ஹால் சிக்னல் ஒயருக்குள் பாய்கிறது. அங்கிருந்து ரெசிஸ்டர் வழியாகவும் சிப்பின் உள்ளீட்டின் வழியாகவும் 5 வோல்ட் பகுதியைத் தாக்குகிறது. ஹால் சொல்லும் வரிசையை வைத்துத்தான் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. அந்த வரிசை குழம்பினால் தவறான நேரத்தில் தவறான சுருளுக்கு மின்சாரம் போகும். முழுச் சுமையில் இருக்கும் மாஸ்ஃபெட் அதைத் தாங்காது.

மோட்டாரைத் திறந்தது

தேய்ந்த இடம் ஆக்ஸிலின் வாயிலேயே இருந்ததால் வெளியே வெட்டி ஒட்ட வழியில்லை. மோட்டாரைத் திறக்க வேண்டியதாயிற்று. பக்க மூடியின் திருகுகளைக் கழற்றி, கியர் தொகுதியை எடுத்து, காந்தம் உள்ள சுழலியை இழுத்தெடுத்தேன். இந்த இடத்தில் விரல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். காந்தம் இழுத்து மூடும்போது விரல் நடுவே இருந்தால் நசுங்கிவிடும். உள்ளே சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் ஓரத்தில் ஒரு சிறிய சர்க்யூட் பலகை, அதில் மூன்று ஹால்.

மஞ்சளை மட்டும் மாற்றினால் போதும்தான். ஆனால் இரண்டு முறை அடி வாங்கிய 5 வோல்ட் இணைப்பில்தான் மற்ற இரண்டும் இருந்தன, மோட்டாரை மறுபடி திறக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. மூன்றையும் மாற்றினேன். இங்கே தேவை லாட்சிங் வகை ஹால். ஒரு துருவம் வந்தால் ஆன் ஆகி, எதிர்த் துருவம் வரும்வரை அப்படியே நிற்கும் வகை அது. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் வேறு வகைகளும் உண்டு, அவற்றைப் போட்டால் வரிசை வராது. எழுத்து அச்சிட்ட முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொண்டேன். திருப்பிப் போட்டால் சிக்னல் தலைகீழாகிவிடும்.

பழைய கேபிளை வெளியே உருவியபோது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. பச்சை ஃபேஸின் உறை ஒரு நகம் அளவுக்கு உரிந்து செம்பு பளிச்சென்று இருந்தது. அதை ஒட்டி மஞ்சள் ஹால் ஒயரில் கறுத்த ஒரு புள்ளி. புதிய கேபிளை நுழைக்கும் முன் ஆக்ஸில் வாயின் விளிம்பை நுண்ணிய அரத்தால் வழித்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் கூடுதலாக, சூடாக்கினால் சுருங்கிக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் உறை ஒன்று போட்டேன். கியர்களில் பற்கள் நன்றாக இருந்தன, கிரீஸ் மட்டும் புதிதாக வைத்தேன்.

புது கன்ட்ரோலர்

இப்போதுதான் வாங்கும் பேச்சு. பழையதன் லேபிளில் 36 வோல்ட், 15 ஆம்பியர், 31 வோல்ட் கட்-ஆஃப் என்று இருந்தது. 36ஐ 15ஆல் பெருக்கினால் 540 வாட் வருகிறதே, மோட்டார் 250 வாட்தானே என்று சிலர் குழம்புவார்கள். 15 ஆம்பியர் என்பது கன்ட்ரோலர் பேட்டரியிலிருந்து எடுக்கும் உச்ச அளவு, ஏற்றத்தில் கொஞ்ச நேரத்துக்கு. 250 என்பது தொடர்ந்து ஓடும்போது மோட்டார் தாங்கும் அளவு. "22 ஆம்பியர் போட்டா இன்னும் இழுவை கிடைக்குமே" என்று தோன்றும். கிடைக்கும். கூடவே சுருள் சூடாகும், நைலான் கியரின் பல் போகும். ஒன்பது வயது மோட்டாரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. 15 ஆம்பியரே எடுத்தேன். 48 வோல்ட்டுக்கானதை மாட்டினால் அதன் கட்-ஆஃப் 40 வோல்ட்டை ஒட்டி இருக்கும், பேட்டரி பாதி தீர்வதற்குள் வண்டி நின்றுவிடும்.

டிஸ்ப்ளேதான் பெரிய சிக்கல். டிஸ்ப்ளே ஒயர் ஐந்தில் இரண்டு, கன்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் பேசிக்கொள்ளும் ஒயர்கள். அந்தப் பேச்சுமொழி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பிளக் பொருந்தினாலும் மொழி பொருந்தாவிட்டால் பிழை எண் மட்டும்தான் வரும். இத்தனை பழைய டிஸ்ப்ளேக்கு ஜோடி தேடி அலைவதைவிட கன்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த செட்டாக வாங்குவது மேல்.

ஹால் இல்லாமலும் ஓட்டும் இரட்டை வகைக் கன்ட்ரோலர்கள் உண்டு. அதை மாட்டியிருந்தால் மஞ்சள் ஹால் செத்திருந்தும் வண்டி ஓடியிருக்கும், மோட்டாரைத் திறக்கவே வேண்டியிருக்காது. தேய்ந்த கேபிளும் உள்ளேயே இருந்திருக்கும். மூன்றாவது கன்ட்ரோலரும் அடுத்த ஏற்றத்தில் போயிருக்கும்.

மாட்டும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைக்கவில்லை. முதலில் பல்பு நடுவே இருக்க, கன்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் மட்டும். ஹால் பிளக்கில் 4.9 வோல்ட் வந்தது. பிறகு ஹாலை இணைத்தேன், 4.9 குறையவில்லை, சக்கரத்தைப் பின்னால் நகர்த்த மூன்று சிக்னலும் தாவின. பிறகு பிரேக், பெடல் சென்சார், த்ராட்டில். த்ராட்டில் சிக்னல் விட்டிருக்கும்போது 0.8, முழுதும் திருகினால் 4.2. கடைசியில்தான் ஃபேஸ்கள். பல்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆம்பியர் மீட்டரை வைத்தேன்.

நிறத்துக்கு நிறம் இணைத்தும் மோட்டார் முனகி உதறியது. இதில் பயப்பட ஒன்றுமில்லை, உடனே த்ராட்டிலை விட்டுவிட்டால் போதும். ஒயர் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. மூன்று ஃபேஸும் மூன்று ஹாலும் சேர்ந்தால் 36 இணைப்பு முறைகள், அவற்றில் ஆறுதான் சரியாக ஓடும்: மூன்று முன்னால், மூன்று பின்னால். நல்லவேளையாக இந்தக் கன்ட்ரோலரில் தானே கற்றுக்கொள்ளும் வசதிக்கு இரண்டு வெள்ளை ஒயர்கள் இருந்தன. அவற்றைச் சேர்த்ததும் மோட்டார் சத்தம் கேட்டது, சக்கரம் அசையவில்லை. மோட்டார் பின்னோக்கிச் சுழல்கிறது, ஒருவழிக் கிளட்ச் அதைச் சக்கரத்துக்கு அனுப்பவில்லை என்று அர்த்தம். பிரித்து மறுபடி சேர்த்ததும் திசை மாறி, சக்கரம் சீராகச் சுற்றியது. ஒயர்களைப் பிரித்து நுனிகளைத் தனித்தனியாக மூடிவிட்டேன்.

சுற்றுகிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. தவறான இணைப்பிலும் சில சமயம் சுற்றும், ஆனால் சுமையில்லாமலே பல ஆம்பியரை விழுங்கும். இங்கே தரையைத் தொடாத சக்கரம் முழு வேகத்தில் 0.7 ஆம்பியர்தான் எடுத்தது. மெதுவாக ஓடவிட்டு பிரேக் பிடியைத் தொட்டேன், மோட்டார் அந்தக் கணமே நின்றது. இரண்டு பிடிகளையும் தனித்தனியாகச் சோதித்த பிறகே வண்டியைத் தரையில் இறக்கினேன். டிஸ்ப்ளேயில் சக்கர அளவு, மின்னழுத்தம், வேக எல்லை ஆகியவற்றை அமைத்தது பத்து நிமிட வேலை.

வாஷரின் நாக்கு பிளவுக்குள் உட்கார்ந்தது. பிளவு ஏற்கெனவே நசுங்கியிருந்ததால் அதை மட்டும் நம்பாமல், ஆக்ஸிலின் தட்டையைக் கவ்விப் பிடித்து ஃபிரேம் குழாயோடு கட்டும் எஃகுக் கை ஒன்றையும் போட்டேன். கேபிள் ஆக்ஸிலிலிருந்து நேராக மேலே ஏறாமல், முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு ஏறும்படி கட்டினேன். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. நட்டுக்கும் ஃபிரேமுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. ஆக்ஸில் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும்.

அக்கா அதே ஏற்றத்தில் நின்று, முழு த்ராட்டிலில் பத்து முறை கிளம்பிப் பார்த்தார். கன்ட்ரோலர் உறையைத் தொட்டேன், கை வைத்திருக்கும் சூடுதான். கோடு உடையவில்லை.

ஏழு மாதம் கழித்துப் பின்சக்கரத்தில் மறுபடி பஞ்சர். சக்கரம் திரும்பி வந்த அன்று மாலை அக்கா என் வாசலில் குனிந்து நின்று மொபைல் வெளிச்சத்தில் ஆக்ஸிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நாக்கு உள்ள போயிருக்கு. ஆனா கோடு சேரல, கொஞ்சம் இறுக்கித் தா."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன்.